பேசக் கூசியவர் செய்த பக்கவாத்தியம்

1821-ம் ஆண்டு. லண்டன் நகரில் ஓர் அறையில் கூட்டம் நெரிந்தது. கூரையிலிருந்து இறங்கிய மெல்லிய கம்பி ஒன்றில் யாழ் போன்ற வாத்தியம் தொங்கிக் கொண்டிருந்தது. அதன் அருகே ஒருவரும் இல்லை. யாரும் அதைத் தொடவும் இல்லை. ஆனால், அதிலிருந்து இனிய சங்கீதம் பொழிந்தது!

வந்தவர்கள் வாத்தியத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். விஷயம் விளங்கவில்லை.

மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. மேல் மாடி அறையில் வேறு வாத்தியங்களை வாசித்துக் கொண்டிருந்தார்கள். அந்த ஒலியைக் கம்பி கீழே கொண்டு வந்து யாழில் சேர்த்தது. இந்த வேடிக்கையைச் செய்து காட்டியவர் 19 வயது வாலிபர். வாத்தியக் கடைக் குடும்பத்துப் பிள்ளை. பெயர் சார்லஸ் வீட்ஸ்டன்.

பிற்காலத்தில் தந்திக் கருவி செய்து உலகப் புகழ் பெற்ற அதே வீட்ஸ்டன்தான். பள்ளிக்கூடத்தில் மின்சாரப் பாடம் படித்தவர்கள் "வீட்ஸ்டன் பிரிட்ஜ்" என்ற பெயரை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் பாடுகிறவர்களுக்கு அவர் செய்த உபகாரம் பலருக்குத் தெரியாது.

செப்புக் காசு

இங்கிலாந்தில் கிளாஸ்டர் நகருக்கு அருகே 1802-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி வீட்ஸ்டன் பிறந்தார். தகப்பனாருக்கு வாத்திய வியாபாரம். பையனுக்கு 4 வயதானபோது குடும்பம் லண்டனுக்குக் குடியேறியது. 14 வயதில் அவரைச் சிறிய தகப்பனாரின் வாத்தியக் கடையில் தொழில் பழகச் சேர்த்தார்கள்.

பையன் பொல்லாத கூச்சக்காரன். வாடிக்கைக்காரர்களுடன் பேசி வியாபாரம் செய்ய அவனால் ஆகவில்லை. எப்போது பார்த்தாலும் புத்தகமும் கையுமாக ஒதுங்கி விடுவான்.

ஒரு நாள் பழைய புத்தகக் கடையில் வோல்டாவின் மின்சார ஆராய்ச்சியைப் பற்றிய பிரெஞ்சுப் புத்தகம் கண்ணில் பட்டது. காசு சேர்த்து அதை வாங்கினான். படிக்க அகராதி வேண்டுமே! மறுபடியும் காசு சேர்த்தான். பிறகு தம்பி வில்லியமுடன் சேர்ந்து மின்கலம் செய்யத் தொடங்கினான். செப்புத் தகடு வாங்கப் பணம் போதவில்லை. சேர்த்து வைத்திருந்த காசுகளே செம்புதானே என்று அவற்றையே அடுக்கி விட்டான் என்று சொல்வார்கள்.

1823-ல் சிறிய தகப்பனார் இறந்தார். அண்ணனும் தம்பியும் கடையை ஏற்று நடத்தினார்கள்.

வாயை விடுவித்த துருத்தி

கடையில் இருந்தபடியே வீட்ஸ்டன் ஒலியைப் பற்றி ஆராய்ந்தார். நம் மோர்சிங் இனத்தைச் சேர்ந்த வாத்தியம், சீனாவின் ஷெங், ஜாவாத் தீவின் வாத்தியம் என்று தேடித் தேடிப் பார்த்தார். ஷெங்கில் உலோக நாக்குகள் இருக்கின்றன. நாக்கின் ஒரு முனை பொருத்தப்பட்டிருக்கும். மறு முனை காற்று பட்டதும் அதிரும். ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதற்குள் இருக்கும் பித்தளை நாக்குகளும் இதே ஜாதிதான்.

1829-ல் வீட்ஸ்டன் ஒரு சிறு வாத்தியத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பெயர் சிம்போனியம். வாயால் ஊத வேண்டும். இரு பக்கமும் பொத்தான்கள். உள்ளங்கையில் அடங்கும் அழகான பெட்டி. ஆனால் ஒரு குறை. ஊதுகிற வாய் எப்படிப் பாடும்?

வாயின் வேலையைத் துருத்தி ஏற்றுக் கொண்டதும் அந்தக் குறை தீர்ந்தது. இரண்டு கைகளுக்கும் நடுவே மடிப்பு மடிப்பான துருத்தி. இரு முனைகளிலும் ஆறு பக்கம் கொண்ட மரப் பலகை. அதில் பொத்தான்கள். இதுவே கான்சர்ட்டினா. 1830-களில் இது விற்பனைக்கு வந்தது. 1844-ல் அவர் அதைத் திருத்தி மற்றொரு உரிமைப் பத்திரம் பெற்றார்.

இப்போது ஒருவரே வாசிக்கலாம், பாடவும் செய்யலாம். ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்திக்குப் போய்விடுகிறது. கான்சர்ட்டினாவிலோ துருத்தியை இழுத்துக் கொண்டே இரண்டு கை விரல்களும் சுரம் பிடிக்கும்.

ச-க-ப ஒரு கையில்

வீட்ஸ்டனின் மூளை எங்கே வேலை செய்தது என்றால், பொத்தான்களை அடுக்கிய முறையில்தான். வழக்கமான கான்சர்ட்டினாவில் 48 பொத்தான்கள். கைக்கு 24. மேல்நாட்டார் சங்கீதத்தை ஐந்து கோடுகளில் எழுதுவார்கள். கோட்டின் மேல் வரும் சுரமெல்லாம் இடக் கைக்கு. இடைவெளியில் வரும் சுரமெல்லாம் வலக் கைக்கு. எழுத்தைப் பார்த்ததும் எந்தக் கை என்று தெரிந்து விடும்.

நம் பாஷையில் சொன்னால், சட்ஜம் இடக் கையில் என்றால் ரிஷபம் வலக் கையில். காந்தாரம் இடக் கை, மத்தியமம் வலக் கை. இப்படி ஆரோகணம் கைக்குக் கை தாவிக் கொண்டே போகும். வேகமான மெட்டுக்கு இது சௌகரியம். ஒரு விரல் மீளுவதற்குள் மறு கை தயாராக இருக்கும்.

பாட்டுக்குத் துணை வாசிக்கிறவருக்கு இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. மேல்நாட்டுப் பாட்டில் ச, க, ப போன்ற மூன்று சுரங்களைச் சேர்த்து ஒரே வேளையில் ஒலித்துப் பாடகருக்கு ஆதாரம் தருவார்கள். கான்சர்ட்டினாவில் இந்த மூன்றும் ஒரே கையில் பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்களாக அமைந்து விட்டன. மூன்று விரலை வைத்து அழுத்தினால் போதும். புதிதாகக் கற்பவர்கூடச் சில நாட்களில் எளிய பாட்டுக்கு ஆதாரம் பிடித்து விடலாம்.

விரல் சுலபம், துருத்திதான் கஷ்டம். அதுவே வாத்தியத்தின் மூச்சு. பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் துருத்தியும் திரும்ப வேண்டும். சொல்லின் நடுவே திருப்பினால் பாட்டு வெட்டுப்படும். வீட்ஸ்டனின் வாத்தியத்தில் இழுத்தாலும் அமுக்கினாலும் ஒரு பொத்தானுக்கு ஒரே சுரம். ஆகையால் எங்கே திருப்புவது என்பது வாசிப்பவர் இஷ்டம். இன்னொரு தவறும் உண்டு. மெட்டு முழுவதையும் பாடகரோடு சேர்த்து உரக்க வாசிப்பது! அப்படிச் செய்தால் குரல் அமுங்கிப் போகும். எப்போது விரலை எடுப்பது என்று தெரிந்தவரே நல்ல பக்கவாத்தியக்காரர். நம் ஊர் ஆர்மோனியக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

பெரிய இடத்துப் பெண்களும் கான்சர்ட்டினா கற்றார்கள். 1831-ல் லண்டன் வந்த ஜூலியோ ரெகோண்டி என்ற கிதார் வித்துவச் சிறுவன் இதை எடுத்து வாசிக்கத் தொடங்கியதும், கச்சேரி மேடையிலும் இடம் கிடைத்தது. 1902-ல் பிரதம மந்திரியான ஆர்தர் பால்பர்கூட இளமையில் இதை வாசித்தவர்தான்.

ஏழைகள் கைக்குப் போனது வேறு வகை. ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரத்து ஊலிக் என்பவர் 1834-ல் செய்தது. அதில் இழுத்தால் ஒரு சுரம், அமுக்கினால் வேறு சுரம். விலை மலிவு. கப்பல்காரர்களும் தொழிலாளிகளும் அதை வாங்கினார்கள்.

மேடை ஏறாத பேராசிரியர்

1834-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி வீட்ஸ்டனைப் பேராசிரியராக நியமித்தது. வந்தது வினை! மறு வருஷம் ஒலியைப் பற்றி எட்டுப் பிரசங்கங்கள் செய்தார். பிறகு மேடைப் பக்கம் போவது அபூர்வமாகி விட்டது. நாலு சிநேகிதர்களுடன் உட்கார்ந்தால் அருவி போலப் பேசுவார். சபையைக் கண்டால் நாக்கு எழாது.

அவருக்குக் குரல் கொடுத்தவர் சாமானியரல்ல, மைக்கேல் பாரடே! வீட்ஸ்டனின் ஆராய்ச்சிகளைப் பற்றி ராயல் இன்ஸ்டிடியூஷன் சபையில் பலமுறை பாரடேயே எழுந்து பேசினார். பேசுகிறவருக்குக் கைதட்டல், கண்டுபிடித்தவர் ஒதுங்கியே இருப்பார்.

1837-ல் குக் என்பவருடன் சேர்ந்து மின்சாரத் தந்திக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பெருமை யாருக்கு என்று இருவருக்கும் பின்னால் சச்சரவு வந்து, மத்தியஸ்தம் வரை போயிற்று. ஆனால் பிறர் சொத்தில் ஆசை வைத்தவரல்ல. தம் பெயரால் வழங்கும் அந்த "பிரிட்ஜ்" 1833-ல் கிறிஸ்டி என்பவர் கண்டது என்பதை 1843-ல் அவரே சொல்லி விட்டார். 1868-ல் சர் பட்டம் கிடைத்தது.

1875-ல் பாரிஸ் நகருக்குப் போயிருந்தபோது நோயில் விழுந்தார். அக்டோபர் 19-ந் தேதி அங்கேயே காலமானார். உடலை லண்டனுக்குக் கொண்டு வந்து கென்சல் கிரீன் மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

வாத்தியம் நிற்கவில்லை. சால்வேஷன் ஆர்மிக்காரர்கள் தெரு முனையில் நின்று கான்சர்ட்டினா வாசித்துக் கொண்டு பாடினார்கள். 1950-களில் இங்கிலாந்தில் நாடோடிப் பாட்டுகளுக்கு மறுபடியும் மவுசு பிறந்தது. ஏ. எல். லாய்டு, யூவன் மெக்கால் ஆகிய பாடகர்களுக்கு இசைத்தட்டுகளில் பக்கவாத்தியம் வாசித்தவர் ஆல்ப் எட்வர்ட்ஸ். அவர் கையில் இருந்தது வீட்ஸ்டன் அடுக்கிய முறைப்படியே பொத்தான்கள் அமைந்த கான்சர்ட்டினா.