சாக்கிய முனிவர் கௌதம புத்தர்

பகவான் மகாவீரர் மகதம், விதேகம் முதலிய நாடுகளில் அறவுரை வழங்கிய காலத்திலேயே, அந்நாடுகளில் நடந்து திரிந்து மற்றோர் அறநெறியை நிறுவியவர் கௌதம புத்தர். இருவரும் ஆளும் குலத்தில் தோன்றியவர்கள். ஏறத்தாழ முப்பதாம் வயதில் இல்லம் துறந்தவர்கள். வேள்விக் கொலையை மறுத்தவர்கள். இவ்வொற்றுமையால், நம் ஊர்ப்புறங்களில் அமர்ந்த கோலத்தில் உள்ள தீர்த்தங்கரர் திருமேனிகளைப் புத்தர் சிலைகள் என மயங்குவோர் பலர். அம்மயக்கத்தை நீக்க வேண்டுமாயின், புத்தரின் வாழ்வையும் கொள்கையையும் முதலில் நாம் செவ்வனே அறிதல் வேண்டும்.

இமயத்தின் அடிவாரத்தில் கபிலவாஸ்துவைத் தலைநகராகக் கொண்டு வாழ்ந்தவர் சாக்கியர். அவர்தம் தலைவர் சுத்தோதனருக்கும் மாயாதேவிக்கும் மகனாக லும்பினிச் சோலையில் பிறந்தவர் சித்தார்த்தர். அவ்விடம் இன்று நேபாள நாட்டில் உள்ளது. அசோக மன்னர் முடிசூடி இருபதாண்டுகள் ஆனபின் அங்குச் சென்று வழிபட்டு நாட்டிய கற்றூண் 1896-இல் கண்டறியப்பட்டது. ஈன்ற தாய் ஏழாம் நாளில் மறைய, சிற்றன்னை மகாபிரஜாபதி கௌதமி குழந்தையை வளர்த்தார்.

யசோதரையை மணந்து, இராகுலன் என்னும் மைந்தனைப் பெற்று வாழ்ந்த சித்தார்த்தர், மூப்பையும் பிணியையும் சாக்காட்டையும் கண்டு உள்ளம் நடுங்கினார். பின்னர் அமைதி தவழும் துறவி ஒருவரைக் கண்டு, தாம் செல்ல வேண்டிய வழி அதுவே எனத் தெளிந்தார் என்பது பௌத்த மரபு. தம் 29-ஆம் வயதில் அவர் இல்லம் நீங்கினார்.

ஆலார காலாமர், உத்தக இராமபுத்திரர் என்னும் இரு ஆசிரியரிடம் தியான முறைகளைக் கற்றும் மனநிறைவு பெறாமையால், உருவேலா என்னும் இடத்தில் ஆறாண்டுகள் கடுந்தவம் இயற்றினார். அத்தவத்தைப் பற்றிப் பாலி நூல்கள் தரும் செய்திகள் நமக்குப் புதியன அல்ல. ஆடை துறந்திருத்தல், கையில் ஏற்று உண்ணல், தலைமயிரைத் தாமே பறித்தல், தமக்கென அழைத்து இடும் உணவை ஏலாமை ஆகியவை அவற்றுள் கூறப்படுகின்றன. இவை நிர்க்கிரந்த முனிவர்தம் ஒழுக்கத்தை நினைவூட்டுவன. 10-ஆம் நூற்றாண்டில் தேவசேனர் இயற்றிய தர்சனசாரம், பார்சுவநாதர் மரபில் வந்த பிகிதாஸ்ரவரின் மாணாக்கராகப் புத்தரைக் குறிப்பிடுகிறது. பௌத்த நூல்களில் இச்செய்தி இல்லை.

உடல் என்பும் தோலுமாய் வற்றியும் தாம் தேடிய தெளிவு கிட்டாமையால், கௌதமர் அத்தவத்தைக் கைவிட்டார். சுஜாதை அளித்த பாற்சோற்றை உண்டார். உடனிருந்த ஐந்து துறவிகளும் அவர் நோன்பு குலைந்தார் எனக் கருதி விலகிச் சென்றனர். நைரஞ்சனை ஆற்றங்கரையில் அரசமரத்தடியில் தனித்து அமர்ந்து, தம் 35-ஆம் வயதில் அவர் போதி ஞானம் எய்தினார். பின்னர்க் காசியை அடுத்த சாரநாத் மான்சோலையில், பிரிந்து சென்ற அவ்வைவருக்கே முதல் அறவுரை நிகழ்த்தினார்.

துன்பம் உண்டு, அதற்குக் காரணம் வேட்கை, வேட்கை அற்றால் துன்பம் அறும், அதற்கு வழி எட்டு உறுப்புடைய நெறி என்பதே அவ்வுரையின் சாரம். நற்காட்சி, நல்லெண்ணம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நல்லூக்கம், நற்கடைப்பிடி, நல்லமைதி என்பன அவ்வெட்டு. புலனின்பத்தில் மூழ்குதலும் உடலை வருத்துதலும் ஆகிய இரு முனைகளையும் விலக்கியதால் இது நடுவழி எனப்பட்டது.

இங்கேதான் இரு நெறிகளும் பிரிகின்றன. அருகன் நெறியில் வினை என்பது உயிரோடு ஒட்டும் நுண்ணிய பொருள். தவம் அதனை உதிர்க்கும் கருவி. ஆதலின் நோன்பு நமக்கு இன்றியமையாதது. புத்தரோ மனத்தின் எண்ணமே வினை என்றார். ஆதலின் உடல் வருந்துவதால் வினை கழியும் என்பதை ஏற்கவில்லை. நிலையான உயிர் என ஒன்றில்லை, கணந்தோறும் மாறும் ஐந்து கந்தங்களே உள என்றார். இல்லறத்தார்க்கு அவர் வகுத்த ஐந்து சீலங்களுள் முதல் நான்கும் நம் அணுவிரதங்களை ஒத்தவை. ஐந்தாவது அங்குக் கள்ளுண்ணாமை, இங்கு மிகுபொருள் விரும்பாமை.

நாற்பத்தைந்து ஆண்டுகள் அவர் ஊர்தோறும் நடந்து அறம் உரைத்தார். மகத மன்னன் பிம்பிசாரன் வேணுவனத்தையும், வணிகர் அநாதபிண்டிகர் ஜேதவனத்தையும் வழங்கினர். பிறப்பு வேற்றுமை பாராது, நாவிதரான உபாலியும் சங்கத்தில் சேர்க்கப்பட்டார். வைசாலியின் படைத்தலைவர் சீகர் நிர்க்கிரந்தரைப் போற்றி வந்தவர். அவர் தம்மிடம் அடைக்கலம் புகுந்தபோது, நன்கு ஆராய்ந்து முடிவு செய்யுமாறும், நிர்க்கிரந்த முனிவர்க்கு அளித்துவந்த உணவுக்கொடையை நிறுத்தலாகாது என்றும் புத்தர் அறிவுறுத்தியதாகப் பௌத்த நூலே கூறுகிறது. தம் 80-ஆம் வயதில் குசிநகரத்தில் அவர் மறைந்தார். அவ்வாண்டு கி.மு. 544 என்பது பௌத்த மரபு. ஆய்வாளர் பலர் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு என்பர்.

தமிழகத்திலும் இரு சமயத்தாரும் வாதிட்டனர். குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த நீலகேசி, பௌத்தர் கொள்கையை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டியே மறுக்கிறது. மாற்றார் கொள்கையை நன்கறிந்தவரே அவ்வாறு வாதிட இயலும். நம் இளைஞர்கள் புத்தர்க்குரிய பெருமையை அவர்க்கு அளித்து, நம் நெறி எங்கே வேறுபடுகிறது என்பதையும் தெளிவாக எடுத்துரைக்கக் கற்பார்களாக.