தாளில் நெருங்கியவர், அறையில் விலகியவர்: ஓவியர் வின்சென்ட் வான் கோ

சூரியகாந்தி மலர்களையும் விண்மீன்கள் சுழலும் இரவையும் நாட்காட்டிகளில் நாம் பலமுறை பார்த்திருப்போம். அவற்றைத் தீட்டிய வின்சென்ட் வான் கோவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவரது அறுபட்ட காதோடு நின்றுவிடுகிறது. ஆனால், மனிதர்களோடு சேர்ந்து வாழ ஏங்கியும் அது கைகூடாமற்போன ஒருவரின் கதை அது.

1853 மார்ச் 30ஆம் நாள், நெதர்லாந்தின் சுண்டர்ட் என்னும் சிற்றூரில் ஒரு பாதிரியாரின் மகனாக வின்சென்ட் பிறந்தார். 16 வயதில் ஓவிய வணிக நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். 1876இல் அவ்வேலை போயிற்று. பின்னர் பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் சமயப் பணி செய்தார். தம் உடைகளையும் ஏழைகளுக்குக் கொடுத்தார். அந்த அளவுகடந்த ஈடுபாடே மேலிடத்திற்குப் பிடிக்கவில்லை. 1880இல் ஓவியராவதென்று முடிவெடுத்தார். மறு ஆண்டு, கணவரை இழந்த உறவுக்காரப் பெண் ஒருவரை விரும்பினார். அவர் உறுதியாக மறுத்த பிறகும், அவரது பெற்றோர் வீடுவரை சென்று வற்புறுத்தினார்.

1886இல் பாரிசில் தம்பி தியோவின் வீட்டில் குடியேறினார். பாசமிக்க தம்பிக்கே அண்ணனுடன் ஒரே வீட்டில் இருப்பது தாங்க முடியாததாயிற்று. 1888 பிப்ரவரியில் வின்சென்ட் தென்பிரான்சின் ஆர்ல் நகருக்குச் சென்றார். அங்கே ஓவியர்கள் கூடி வாழ வேண்டும் என்பது அவர் கனவு. நண்பர் பால் கோகனின் அறையை அலங்கரிக்கவே சூரியகாந்திகளைத் தீட்டினார். அக்டோபரில் வந்தார் கோகன். இரண்டே மாதங்களில் வாக்குவாதங்கள் முற்றின. நண்பர் பிரிந்துவிடுவாரோ என்ற அச்சம் வின்சென்டை வாட்டியது. டிசம்பர் 23ஆம் நாள் இரவு அவர் தம் காதையே அறுத்துக்கொண்டார். கோகன் பாரிஸ் திரும்பினார். அதன்பின் இருவரும் நேரில் சந்திக்கவில்லை.

ஆர்ல் மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஃபெலிக்ஸ் ரே அவரைப் பரிவோடு கவனித்தார். ஊராரோ அவரைக் கண்டு அஞ்சி, நகரத் தலைவரிடம் மனுக் கொடுத்தனர். 1889 மே மாதம் சான் ரெமி மனநோய் மருத்துவமனையில் வின்சென்ட் தாமாகவே சேர்ந்தார். நெடுநேரத் தொட்டிக் குளியல்தான் அங்கிருந்த முக்கியச் சிகிச்சை. அங்கிருந்த ஓராண்டில் ஏறக்குறைய 150 ஓவியங்கள் தீட்டினார். அவருக்கு வலிப்பு நோய் என மருத்துவர்கள் கருதினர். அது என்ன நோய் என்பதில் அறிஞர்களிடையே இன்றுவரை ஒருமித்த கருத்தில்லை.

ஆயினும் ஒன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. நேரில் இத்தனை மோதிய அதே மனிதர், தியோவுக்கு எழுதிய 650க்கும் மேற்பட்ட கடிதங்களில் தம் மனத்தையும் பிறர் மனத்தையும் நுட்பமாக ஆராய்ந்தார். தம் மனத்திலும் பிறர் மனத்திலும் ஓடுவதை ஊகித்து உணரும் திறனை உளவியலாளர் மென்டலைசேஷன் என்பர். நாம் மனமறிதல் எனலாம். 1990களில் லண்டனில் பீட்டர் ஃபோனகியும் அந்தோணி பேட்மனும் இதை வளர்க்கும் சிகிச்சையை உருவாக்கினர். பிரிவச்சமும் கோபமும் கொதிக்கும்போது இத்திறன் மங்கிவிடும் என்பது அவர்கள் விளக்கம். மனம் தணிந்தால் அது திரும்பும். வின்சென்டுக்குக் கடிதத்தாள் அந்தத் தணிவைத் தந்தது போலும்! ஒரே கூரையின்கீழ் அது கிடைக்கவில்லை.

1890இல் தியோவின் மகனுக்கு வின்சென்ட் என்றே பெயரிட்டனர். அக்குழந்தைக்காக மலர்ந்த வாதுமைக் கிளைகளை அவர் தீட்டினார். அவ்வாண்டு ஜூலை 29ஆம் நாள், ஓவேர் என்னும் ஊரில், துப்பாக்கிக் குண்டுக் காயத்தால் 37 வயதில் மறைந்தார். தியோ அருகில் இருந்தார். ஆறே மாதங்களில் தம்பியும் மறைந்தார். அவரது மனைவி ஜோஹன்னா அக்கடிதங்களைக் காத்து 1914இல் நூலாக வெளியிட்டார். உடன்பிறப்புகள் இருவரும் ஓவேரில் அருகருகே துயில்கின்றனர்.

நண்பர்களே, நம் விடுதியிலும் குடும்பத்திலும் சிகிச்சை பெற்றுவரும் ஒருவர் இருக்கலாம். அவர் சீறும்போது அதைக் குணக்கேடு என்று முத்திரை குத்தாமல், உள்ளே எந்த அச்சம் கொதிக்கிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். தியோவாலும் அண்ணனோடு ஒரே வீட்டில் நிம்மதியாக வாழ முடியவில்லை. ஆனால், தொலைவில் இருந்தபோதும் அவர் அண்ணனைக் கைவிடவில்லை. அந்த அளவுக்கேனும் நம்மால் முடியும்.