கொர்னேலியா சொராப்ஜி

கொர்னேலியா சொராப்ஜி (நவம்பர் 15, 1866 – சூலை 6, 1954) இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞராக அறியப்படுபவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரியும், ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற முதல் பெண்ணும் இவரே. வழக்கறிஞராவதற்கு வேண்டிய கல்வித் தகுதிகளைத் தம் முப்பது வயதளவிலேயே பெற்றுவிட்டபோதும், பெண் என்பதால் ஐம்பது வயதைக் கடந்த பின்னரே இவரால் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடிந்தது. இடைப்பட்ட காலத்தில், ஆண் வழக்கறிஞரைச் சந்திக்க இயலாத நூற்றுக்கணக்கான பெண்களுக்குச் சட்ட உதவி செய்தார்.

பிறப்பும் குடும்பமும்

கொர்னேலியா, இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் நாசிக் பகுதியில் பிறந்தார். தந்தை சொராப்ஜி கர்செட்ஜி பார்சி சமயத்திலிருந்து கிறித்தவத்துக்கு மாறிய மதபோதகர். தாய் பிரான்சினா போர்டு ஒரு பிரித்தானியத் தம்பதியரால் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர். அந்த வளர்ப்புத் தாயின் பெயரே கொர்னேலியாவுக்குச் சூட்டப்பட்டது. பிரான்சினா புனேயில் பெண்களுக்கான பள்ளிகளை நிறுவினார். உடன்பிறந்தோருள் சூசி கல்வியாளராகவும், ஆலிசு மருத்துவராகவும், ரிச்சர்டு வழக்கறிஞராகவும் விளங்கினர். கொர்னேலியா திருமணம் செய்துகொள்ளவில்லை.

கல்வி

புனேயின் தக்காணக் கல்லூரியில் பயின்று இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறினார். இத்தகைய தேர்ச்சி பெற்ற மாணவருக்கு இங்கிலாந்து சென்று படிக்க அரசின் உதவித்தொகை கிடைப்பது வழக்கம். பெண் என்பதால் இவருக்கு அது மறுக்கப்பட்டது. சிறிது காலம் அகமதாபாத்தின் குசராத்துக் கல்லூரியில் ஆண் மாணவர்களுக்குக் கற்பித்தார். பின்னர் புளோரன்சு நைட்டிங்கேல், வில்லியம் வெட்டர்பர்ன் முதலியோர் அளித்த நன்கொடையால் 1889ஆம் ஆண்டில் ஆக்சுபோர்டின் சோமர்வில் கல்லூரியில் சேர்ந்தார்.

1892இல் சிறப்பு அனுமதியின் பேரில் சட்ட இளையர் பட்டத் தேர்வை எழுதி முடித்தார். எனினும் ஆக்சுபோர்டு அக்காலத்தில் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. 1920இல் அவ்விதி மாறியது. தேர்வு எழுதி முப்பது ஆண்டுகள் கழித்து, 1922இல் இவர் தமது பட்டத்தைப் பெற்றார்.

கோஷாப் பெண்களுக்கான பணி

1893இல் இந்தியா திரும்பிய கொர்னேலியாவின் கவனம் கோஷா முறையில் வாழ்ந்த பெண்களின் பக்கம் திரும்பியது. இந்து, முசுலிம் சமயங்களைச் சேர்ந்த செல்வக் குடும்பங்களின் இப்பெண்கள், உறவினர் அல்லாத ஆண்களைச் சந்திப்பதில்லை. பலருக்குச் சொத்து இருந்தது. ஆனால் வழக்கறிஞர்கள் அனைவரும் ஆண்களாக இருந்தமையால் அச்சொத்தைக் காத்துக்கொள்ள வழியில்லை. திரைக்கு வெளியே இருந்த உறவினரையோ நிருவாகியையோ நம்பியே கையொப்பமிட வேண்டியிருந்தது. சென்னையில் 1885இல் தொடங்கப்பட்ட கோஷா மருத்துவமனை, ஆண் மருத்துவரிடம் செல்லாத பெண்களின் இதே போன்ற இக்கட்டுக்கு மருத்துவத் துறையில் எழுந்த விடையாகும். சட்டத் துறையில் அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

கத்தியவார், இந்தூர் பகுதிகளில் இப்பெண்களுக்காக ஆங்கில அரசின் முகவர்கள் முன் வாதிட இவருக்குத் தனி அனுமதி கிடைத்தது. பிற நீதிமன்றங்களில் வழக்கறிஞர் என்ற தகுதி இல்லாமையால் தடை நீடித்தது. அதனை நீக்க எண்ணி 1897இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சட்டத் தேர்விலும், 1899இல் அலகாபாது உயர் நீதிமன்றத்தின் வழக்கறிஞர் தேர்விலும் தேறினார். அப்போதும் பதிவு மறுக்கப்பட்டது.

1902 முதல், பெண்களுக்கும் சிறார்களுக்கும் ஆலோசனை கூற ஒரு பெண் சட்ட அலுவலரை அமர்த்துமாறு அரசை வலியுறுத்தி வந்தார். இதன் பயனாக 1904இல் வங்காளத்தின் கோர்ட் ஆப் வார்ட்சு துறையில் பெண் உதவியாளராக நியமிக்கப்பட்டார். உரிமையாளர் சிறாராகவோ நிருவகிக்க இயலாதவராகவோ உள்ள சமீன்களை அரசின் சார்பில் பராமரிப்பது இத்துறையின் வேலையாகும். வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் பகுதிகளில் பயணம் செய்து, அந்தப்புரங்களுக்குள் சென்று பெண்களின் குறைகளைக் கேட்டார். வாரிசு உரிமை, தத்தெடுப்பு, சீவனாம்சம், சிறார் கல்வி ஆகியவற்றில் அவர்களுக்காக வாதாடினார். 600க்கும் மேற்பட்ட பெண்களும் ஆதரவற்ற சிறார்களும் இவரால் உதவி பெற்றனர். பல வேளைகளில் இவர் கட்டணம் பெறவில்லை. 1909இல் அரசு இவருக்குக் கெய்சர்-இ-இந்து தங்கப் பதக்கம் வழங்கியது.

தடை நீங்குதல்

1916இல் ரெசினா குகாவின் விண்ணப்பத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றமும், 1921இல் சுதான்சுபாலா அசுராவின் விண்ணப்பத்தைப் பட்னா உயர் நீதிமன்றமும் நிராகரித்தன. வழக்கறிஞர் சட்டத்தில் உள்ள நபர் என்னும் சொல் பெண்களைக் குறிக்காது என்பது கல்கத்தா நீதிமன்றத்தின் முடிவு. மாறாக, அலகாபாது உயர் நீதிமன்றம் 1921இல் கொர்னேலியாவைப் பதிவு செய்தது. 1923இல் இயற்றப்பட்ட வழக்கறிஞர் (பெண்கள்) சட்டம் பிரித்தானிய இந்தியா முழுவதும் இத்தடையை நீக்கியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 1929இல் பதிவு செய்த ஆனந்தா பாய் அங்கு முதல் பெண் வழக்கறிஞர் ஆவார். அக்காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால், புதுச்சேரி ஆகியவை இச்சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. பிரான்சு நாட்டில் 1900ஆம் ஆண்டிலேயே பெண்கள் வழக்கறிஞராக வழிசெய்யும் சட்டம் இயற்றப்பட்டிருந்தது.

1924இல் கொர்னேலியா கல்கத்தாவில் தொழிலைத் தொடங்கினார். சட்டம் மாறினாலும் நீதிமன்றச் சூழல் உடனே மாறவில்லை. வழக்குகளுக்குக் கருத்துரை எழுதும் பணியே பெரும்பாலும் இவருக்குக் கிடைத்தது. மன்றத்தில் வாதிடும் வாய்ப்பு அரிதாக இருந்தது. 1929இல் ஓய்வு பெற்று இலண்டனில் குடியேறினார்.

அரசியல் நிலைப்பாடும் விமர்சனமும்

கொர்னேலியா ஆங்கில ஆட்சியை ஆதரித்தவர். காந்தியின் ஒத்துழையாமை வழியை எதிர்த்தவர். கல்வியும் சமூகச் சீர்திருத்தமும் வேரூன்றாமல் அரசியல் விடுதலை பெண்களுக்குப் பயன் தராது என்பது இவரது கருத்தாக இருந்தது. இந்தியச் சமூகத்தைக் கடுமையாகச் சாடிய காத்தரின் மேயோவின் 1927ஆம் ஆண்டு நூலை இவர் ஆதரித்தது பலத்த எதிர்ப்பைத் தோற்றுவித்தது. பெண்களிடையே இவர் நடத்திவந்த நலப் பணிகளும் அதனால் பாதிப்புற்றன. விடுதலைப் போராட்ட வரலாற்றில் இவர் பெயர் அதிகம் பேசப்படாமைக்கு இந்நிலைப்பாடு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

நூல்கள்

அந்தப்புரப் பெண்களின் வாழ்வைப் பற்றிய கதைகளை 1901இல் வெளியிட்டார். பெற்றோரின் வரலாற்றை 1924இலும், தங்கை சூசியின் வரலாற்றை 1932இலும், தன்வரலாற்றை 1934இலும் எழுதினார்.

மறைவும் நினைவும்

கொர்னேலியா 1954 சூலை 6 அன்று தமது 87ஆம் வயதில் இலண்டனில் காலமானார். இவருடைய தாள்கள் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. இவருடைய சகோதரர் ரிச்சர்டின் மகனும் மெய்யியல் அறிஞருமான ரிச்சர்டு சொராப்ஜி, தம் அத்தையின் வாழ்க்கை வரலாற்றை 2010இல் நூலாக வெளியிட்டார். அத்தை மறைந்தபோது அவருக்கு வயது 19. கதவுகளைத் திறத்தல் என்னும் பொருள்படும் தலைப்பை அந்நூலுக்கு இட்டுள்ளார். 2012இல் இலண்டன் லிங்கன்சு இன் வளாகத்தில் கொர்னேலியாவின் மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் இவரது பிறந்த நாளன்று கூகுள் தனது முகப்புப் பக்கத்தில் இவரது சித்திரத்தை வெளியிட்டது.