தவளைக் காலும் கல்வானியும்

சென்ற மாதம் முழங்கால் நோவின் பொருட்டு வைத்தியரிடம் சென்றிருந்தேன். அவர் என் தொடைமீது சிறு தகடுகள் சிலவற்றை ஒட்டிக் காலை நீட்டும்படி பணித்தார். நீட்டுந்தோறும் அருகிலிருந்த கருவியிலே கோடொன்று அதிர்ந்தெழுந்து, கால் ஓய்ந்ததும் தானும் அடங்கிற்று. தசை இயங்குங்கால் அதனிடத்துப் பிறக்கும் மின்னையே அக்கருவி அளக்கின்றதாம். அம்மின்னோ ஒரு வோல்ற்றின் ஆயிரத்திலொரு கூறளவினது. அதன் உண்மையை நிறுவப் புகுந்து, தோற்றவரெனக் கருதப்பட்டே மாண்ட அறிஞர் ஒருவரை அப்பொழுது நினைந்தேன்.

லூயிஜி கல்வானி 1737ஆம் ஆண்டு இத்தாலியின் பொலோனா நகரிற் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்திலே உடற்கூற்றியல் கற்பித்தார். தம் ஆசானின் மகள் லூசியாவை மணந்தார். 1781இல் ஒருநாள், தோலுரித்த தவளைக் கால்களின் நரம்பை உதவியாளர் ஒருவர் கத்திமுனையால் தொட்டார். அக்கணத்தே, சற்று அப்பாலிருந்த மின்னியந்திரத்திலிருந்து பொறி எழுந்தது. செத்த தவளையின் கால்கள் உதைத்தன! பிறராயின் வியந்து மறந்திருப்பர். கல்வானியோ பத்தாண்டுகள் அதனை விட்டாரில்லை. 1786இல், பித்தளைக் கொளுக்கியிற் கோத்த கால்களை இரும்புக் கிராதியிலே தூக்கினார். மின்னலில்லாத நாளிலும் அவை துடித்தன. மின் விலங்குடலிலேயே உளதெனத் துணிந்து, 1791இல் இலத்தீன் மொழியில் நூல் வெளியிட்டார். அதற்கு முன்னரே லூசியா மறைந்தார்.

நூலை முதலிற் போற்றியவர் பாவியா நகர்ப் பேராசிரியர் வோல்ற்றா. பின்னர் மறுத்தவரும் அவரே. இருவேறு உலோகங்கள் கூடியதனாற் பிறந்த மின் அது, தவளைக் கால் அதனைக் காட்டுங் கருவி மாத்திரமே என்பது அவர் வாதம். கொளுக்கிச் சோதனையைப் பொறுத்தவரை அவர் கூறியது சரியே. ஆயின் கல்வானி உலோகத்தை அறவே நீக்கி, 1797இல் ஒரு காலின் நரம்பை மற்றக் காலின் நரம்பொடு தொடுத்துத் தசைகள் துடிக்கக் காட்டினார். என் மதிப்பில் அவர் வாழ்வின் உச்சம் இதுவே. உலகம் செவிசாய்க்கவில்லை.

1798இல், நெப்போலியன் நிறுவிய புதிய குடியரசுக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்யுமாறு ஆசிரியர்கள் பணிக்கப்பட்டனர். அது தம் சமய நெறிக்கு ஒவ்வாதெனக் கல்வானி மறுத்தார். பதவியும் வேதனமும் போயின. மாதச் சம்பளத்தில் வாழும் எனக்கு அம்மறுப்பின் அருமை தெரியும். அறுபது வயதில் சகோதரர் இல்லத்தில் ஒதுங்கினார். அவர் புகழை நோக்கிப் பதவியை மீட்டளிக்க அரசினர் பின்னர் இசைந்தனர். அவ்விசைவு பயன்படுமுன், அவ்வாண்டு டிசெம்பர் 4ஆம் நாள் காலமானார்.

1800இல் வோல்ற்றா தம் மின்னடுக்கை உலகறியச் செய்தார். புகழெல்லாம் அவர்பாற் சென்றது. 1840களிலேதான் பேர்லினில் டூ புவா-றேமொன் என்பார் தசையின் மின்னை நுண்ணிய கருவியொன்றால் அளந்து கண்டார். அக்கருவியின் பெயர் கல்வனோமானி.