130 டாலருக்கு விலைபோன சூப்பர்மேன்!

நீல உடை. தோளில் சிவப்பு அங்கி. மார்பில் ஒரு பெரிய எழுத்து. ஆகாயத்தில் பறந்து வருவான். துப்பாக்கியால் சுட்டால் குண்டுதான் நசுங்கும். அவனுக்கு ஒன்றும் ஆகாது.

அவன்தான் சூப்பர்மேன்!

சூப்பர்மேனைக் குழந்தைகளுக்குத் தெரியும். ஆனால் அவனை உண்டாக்கியவரைப் பெரியவர்களுக்குக்கூட அவ்வளவாகத் தெரியாது.

அவர் பெயர் ஜெர்ரி சீகல். அவருடைய கதையால் மற்றவர்கள் கோடி கோடியாகச் சம்பாதித்தார்கள். அவரோ 60 வயதில் டைப் அடித்துப் பிழைத்தார். அவருடைய வாழ்க்கையும் ஒரு கதைதான்.

துணிக்கடைக்காரர் மகன்

அமெரிக்காவில், பெரிய ஏரி ஒன்றின் கரையில் கிளீவ்லாந்து என்ற நகரம் இருக்கிறது. அங்கே 1914-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 17-ந் தேதி சீகல் பிறந்தார்.

பெற்றோர் லித்துவேனியா நாட்டில் இருந்து பிழைப்புத் தேடி வந்த யூதர்கள். தகப்பனார் துணிக்கடை வைத்திருந்தார். மொத்தம் ஆறு பிள்ளைகள். சீகல்தான் கடைக்குட்டி.

சீகல் கூச்சம் மிகுந்த பையன். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பார். பெண்களிடம் பேசத் துணிவு வராது. எப்போது பார்த்தாலும் விஞ்ஞானக் கதைப் புத்தகமும் கையுமாக இருப்பார்.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஒரு தோழர் கிடைத்தார். அவர் பெயர் ஜோ ஷுஸ்டர். அவரும் மூக்குக் கண்ணாடி. அவருக்கும் கூச்சம். ஆனால் படம் போடுவதில் கெட்டிக்காரர்.

ஷுஸ்டர் வீட்டில் வறுமை. ரொட்டி மாவு பிசையும் பலகைதான் அவர் படம் போடும் மேஜை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வசதி இல்லை. கையுறை போட்டுக்கொண்டு படம் வரைவார்.

ஒருவர் எழுதுவார், மற்றவர் வரைவார். இப்படித் தொடங்கியது அவர்களுடைய நட்பு.

தந்தையின் மரணம்

1932-ம் ஆண்டு ஜூன் மாதம் 2-ந் தேதி அந்தக் குடும்பத்தின் தலையில் இடி விழுந்தது.

இரவில் துணிக்கடைக்குள் திருடர்கள் வந்தார்கள். சீகலின் தகப்பனார் மாரடைப்பால் அங்கேயே விழுந்து இறந்தார். அப்போது சீகலுக்கு வயது 17.

இந்தச் சாவைப் பற்றி சீகல் பேட்டிகளில் பேசியதே இல்லை. ஆனால் இதற்குப் பிறகுதான், திருடர்களைப் பந்தாடும் ஒரு வீரன் அவருடைய கற்பனையில் பிறந்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள்.

வில்லன் வீரன் ஆனான்!

1933-ல் நண்பர்கள் இருவரும் சொந்தமாக ஒரு சிறு பத்திரிகை நடத்தினார்கள். அதில்தான் "சூப்பர்மேன்" என்ற பெயர் முதன்முதலில் வந்தது. அந்தக் கதையில் அவன் நல்லவன் அல்ல, வில்லன்!

அது சீகலுக்குத் திருப்தி அளிக்கவில்லை. இவ்வளவு பலம் உள்ளவன் ஏழைகளுக்கு உதவி செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார்.

ஒரு நாள் இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. கதை ஒவ்வொரு துண்டாக மனதில் வந்தது. எழுந்து எழுந்து எழுதினார். பொழுது விடிந்ததும் ஷுஸ்டர் வீட்டுக்கு ஓடினார். ஷுஸ்டர் அப்போதே படம் போட உட்கார்ந்துவிட்டார்.

கதையைப் பத்திரிகைக்காரர்களுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தது. மறுபடியும் அனுப்பினார்கள். மறுபடியும் திரும்பி வந்தது. ஆண்டுக்கணக்கில் இதே கதி!

13 பக்கம், 130 டாலர்

1938-ம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க் பத்திரிகைக் கம்பெனி ஒன்று கதையை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது.

பக்கத்துக்கு 10 டாலர். மொத்தம் 13 பக்கம். ஆக 130 டாலர். ஆளுக்குப் பாதி.

அதோடு ஒரு காகிதத்தில் கையெழுத்தும் கேட்டார்கள். சூப்பர்மேனின் உரிமை முழுவதும் கம்பெனிக்கே சொந்தம் என்பது அந்தக் காகிதம். இருவரும் 23 வயது இளைஞர்கள். கதை அச்சில் வந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கதை "ஆக்ஷன் காமிக்ஸ்" என்ற புதிய பத்திரிகையின் முதல் இதழில் வந்தது. விலை 10 சென்ட். அச்சடித்தது 2 லட்சம் பிரதி. இதழ் பறந்துவிட்டது!

1939-ல் சூப்பர்மேன் பெயரிலேயே தனிப் பத்திரிகை வந்தது. தினசரிப் பத்திரிகைகளிலும் படக்கதை வந்தது. 1940-ல் ரேடியோ நாடகம். 1941-ல் கார்ட்டூன் சினிமா. பொம்மை, சட்டை என்று எதைப் பார்த்தாலும் சூப்பர்மேன்தான்.

கதை என்ன?

இந்தப் படக்கதை 1938-ல் இருந்து இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறது. 2018-ல் ஆக்ஷன் காமிக்சின் 1,000-வது இதழ் வெளியாயிற்று. புதிதாகப் படிப்பவர்கள் அத்தனையையும் படிக்க வேண்டுமா என்று மலைக்க வேண்டாம். சில விஷயங்களைத் தெரிந்துகொண்டால் எந்தக் கதையில் இருந்தும் தொடங்கலாம்.

கிரிப்டான் என்ற கிரகம் வெடித்துச் சிதறுகிறது. அங்கே இருந்த ஒரு விஞ்ஞானி, தன் கைக்குழந்தையை ராக்கெட்டில் வைத்து பூமிக்கு அனுப்பிவிடுகிறார். ராக்கெட் அமெரிக்காவில் விழுகிறது. கென்ட் என்ற குடியானவத் தம்பதி குழந்தையை எடுத்து வளர்க்கிறார்கள். கிளார்க் என்று பெயர் வைக்கிறார்கள்.

கிளார்க் வளர்ந்து பட்டணத்துக்குப் போய்ப் பத்திரிகை நிருபர் ஆகிறான். மூக்குக் கண்ணாடி போட்ட சாது. யாருக்காவது ஆபத்து என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு சூப்பர்மேனாகப் புறப்படுவான். உடன் வேலை பார்க்கும் லோயிஸ் லேன் என்ற பெண் சூப்பர்மேனைக் காதலிப்பாள். கிளார்க்கைத் திரும்பியும் பார்க்கமாட்டாள். இருவரும் ஒருவரே என்பது அவளுக்குத் தெரியாது!

கண்ணாடி போட்ட கிளார்க், கூச்சக்காரப் பையனான சீகலேதான் என்பது புரிகிறது அல்லவா?

முதல் கதையில் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. உயரமாகத் தாவுவான், அவ்வளவுதான். பறக்கும் சக்தி பிற்பாடு வந்தது. அவனுடைய பலத்தை ஒடுக்கும் பச்சைக் கல் 1943-ல் ரேடியோ நாடகத்தில் வந்தது. லெக்ஸ் லூதர் என்ற மூளைக்காரன் அவனுடைய பரம எதிரி. பின்னால் லோயிசுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. 1996-ல் வந்த கதையில் அவர்களுக்குக் கல்யாணமும் நடந்தது.

கோர்ட்டில் வழக்கு

கதை எழுதும் வேலை சீகலுக்குத் தொடர்ந்து கிடைத்தது. பக்கக் கணக்கில் நல்ல பணமும் வந்தது. ஆனால் கம்பெனிக்கு வந்த லாபம் மலை என்றால், அவருக்குக் கிடைத்தது கடுகு.

1943-ல் சீகலைப் பட்டாளத்துக்கு அழைத்துவிட்டார்கள். அவர் இல்லாத சமயத்தில் கம்பெனி "சூப்பர்பாய்" என்ற புதுக் கதையை வெளியிட்டது. அது சீகல் முன்பே எழுதிக் கொடுத்த யோசனை. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1947-ல் நண்பர்கள் வழக்குப் போட்டார்கள். சூப்பர்மேன் கம்பெனிக்குத்தான் சொந்தம் என்று கோர்ட்டு கூறிவிட்டது. 1948-ல் சமரசம் ஏற்பட்டது. சுமார் 94 ஆயிரம் டாலர் கிடைத்தது. ஆனால் வேலை போயிற்று. கதையின் மேலே அச்சடித்து வந்த இருவர் பெயரும் போயிற்று.

அதே 1948-ல் சீகல், ஜோவான் என்ற பெண்ணை மணந்தார். லோயிஸ் லேன் படத்துக்கு மாதிரியாக நின்றவர் இந்த ஜோவான்தான்!

1959-ல் சீகல் பழைய கம்பெனிக்கே திரும்பிப் போய்க் கதை எழுதினார். பெயர் போடாமல் எழுதினார். தான் பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள முடியாத நிலை! பிறகு மறுபடியும் உரிமை கேட்டார். மறுபடியும் வேலை போயிற்று.

நீதி கிடைத்தது

1975-ம் ஆண்டு. சூப்பர்மேன் கதையைப் பெரிய சினிமாவாக எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கதையின் உரிமைக்கு மட்டும் 30 லட்சம் டாலர் என்றார்கள்.

அப்போது சீகல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் டைப் அடிக்கும் குமாஸ்தா. சொற்பச் சம்பளம். ஷுஸ்டருக்குக் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டது.

சீகல் மனம் கொதித்துத் தன் கதையை எல்லாம் ஓர் அறிக்கையாக எழுதி, பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்ற இரண்டு ஓவியர்கள் அவர்களுக்காகப் போராடினார்கள். பத்திரிகைகளும் டெலிவிஷனும் இந்த அநியாயத்தை எடுத்துச் சொல்லின. ஊரெல்லாம் பேச்சாயிற்று.

கம்பெனி இறங்கி வந்தது. சட்டப்படி கொடுக்க வேண்டியது இல்லை. ஆனாலும் கொடுக்கிறோம் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. ஆளுக்கு ஆண்டுக்கு 20 ஆயிரம் டாலர் உதவித் தொகை. வைத்தியச் செலவு தனி.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, சூப்பர்மேனைப் படைத்தவர்கள் என்று இருவர் பெயரையும் இனி அச்சிட வேண்டும் என்று முடிவாயிற்று. 1978-ல் வெளிவந்த சினிமாவில் அந்தப் பெயர்கள் திரையில் தெரிந்தன.

ஷுஸ்டர் 1992-ம் ஆண்டு இறந்தார். சீகல் 1996-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி, 81-வது வயதில் இறந்தார்.

செக்கின் விலை

1938-ல் கொடுத்த 130 டாலரும் அடங்கிய அந்தப் பழைய செக், 2012-ல் ஏலத்துக்கு வந்தது. ஏலம் போன தொகை 1 லட்சத்து 60 ஆயிரம் டாலர்! 10 சென்ட் விலையில் வந்த முதல் இதழின் பிரதி ஒன்று, 2024-ல் 60 லட்சம் டாலருக்குப் போயிற்று.

அந்தப் பணத்தில் ஒரு காசும் சீகலுக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் அவர் போராடிப் பெற்ற ஒன்று நிலைத்துவிட்டது.

உங்கள் வீட்டுக் குழந்தை சூப்பர்மேன் புத்தகத்தைக் கையில் எடுத்தால், முதல் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்று இரண்டு பெயர்கள் சிறிய எழுத்தில் இருக்கும். குழந்தையை அதையும் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.