ஏழையின் வீட்டில் பாடம் கற்ற மாணவர்

படிக்கிற வயதில் பொதுத்தொண்டு எதற்கு, முதலில் பரீட்சையில் சித்தியெய்தட்டும், பிறருக்கு உதவுவதைப் பின்னர் பார்க்கலாம் என்ற பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி எழுவதுண்டு. அவ்வாறு எண்ணுவோர் பிரெட்றிக் ஒசானாம் என்ற பிரெஞ்சு மாணவரின் வாழ்வைச் சற்று நோக்குவது நன்று.

1813ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்த ஒசானாம், பிரான்சின் லியோன் நகரில் வளர்ந்தார். தந்தையார் வைத்தியர், ஏழை நோயாளர் பலருக்குப் பணம் வாங்காமலே மருந்து கொடுத்தவர். ஆகவே, ஈகையின் முதற்பாடத்தைப் பிள்ளை வீட்டிலேயே கண்டு கற்றது.

1831இல் சட்டம் பயிலப் பாரிஸ் சென்றார். அங்கே வேதத்தை இகழ்வது கற்றோரிடையே நாகரிகமாயிருந்த காலம் அது. ஒசானாமும் தோழர்களும் விவாதக் கூட்டங்களில் திருச்சபைக்காக வாதாடினர். ஒருநாள் எதிர்த்தரப்பு மாணவர் ஒருவர், திருச்சபை முற்காலத்தில் செய்த நன்மைகள் இருக்கட்டும், இன்று ஏழைகளுக்காக நீங்கள் செய்வது என்ன என்று கேட்டுவிட்டார். வாதத்தில் வல்லவரான ஒசானாமின் நெஞ்சில் அக்கேள்வி முள்ளாய்த் தைத்தது. சொல்லால் அல்ல, செயலாலேயே அதற்கு விடை கூற வேண்டுமென உணர்ந்தார். நண்பர் ஒருவருடன் சேர்ந்து, தம்மிடம் எஞ்சியிருந்த குளிர்கால விறகை ஓர் ஏழையின் வீட்டுக்குச் சுமந்து சென்றார்.

1833ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், அவரது இருபதாவது பிறந்த தினத்தன்று, மாணவர் அறுவர் பெயி என்ற பத்திரிகையாசிரியரின் பணிமனையில் கூடினர். புனித வின்சென்ட் தே போல் சபை அன்று உதயமானது. வாரந்தோறும் கூடுவர், முடிவில் யார் எவ்வளவு இட்டார் என்று அறியாதபடி காசு சேர்ப்பர். கொடுக்கும் முறையை அவர்களுக்குக் கற்பித்தவர், முஃப்தார் சேரியில் பணிபுரிந்த அருட்சகோதரி றொசாலி றெந்து. பாண் சீட்டுகளோடு, ஏழையை மதித்து அவன் சொல்வதைப் பொறுமையாய்க் கேட்கும் பண்பையும் அவர் கொடுத்தனுப்பினார்.

ஒசானாம் சந்தித்த குடும்பமொன்றில், குடிகாரனொருவன் ஐந்து பிள்ளைகளின் தாயை அடித்துத் துன்புறுத்தி வந்தான். பாண் சீட்டால் தீரும் துயரமா அது? சட்ட மாணவர் விசாரித்தார். அவர்களுக்குச் சட்டப்படி விவாகம் நடைபெறவில்லை என்பதைக் கண்டறிந்து, அவளுக்கு விடுதலை தேடிக் கொடுத்தார். பணம் சேர்த்துச் சொந்த ஊருக்கு அனுப்பிவைத்தார். மூத்த மைந்தருக்குப் பெயியின் அச்சகத்தில் வேலையும் கிடைத்தது. புத்தகத்தில் உறங்கிய சட்டம் ஏழையின் வீட்டிலே உயிர்பெற்றதைக் கண்டீர்களா?

தொண்டினால் அவர் படிப்புக் கெட்டதா? 1836இல் சட்டத்திலும், 1839இல் இலக்கியத்திலும் கலாநிதிப் பட்டம் பெற்றார்; பின்னர் சொர்பொன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். ஏழைகளின் வாழ்வை நேரிற் கண்டவராதலால், பிச்சையிடுதல் மட்டும் போதாது, தொழிலாளிக்கு நீதியான கூலியும் வேண்டுமெனப் போதித்தார்.

1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் நாள், நாற்பதாவது வயதில், மார்செய் நகரில் இறைவனடி சேர்ந்தார். அவ்வாண்டில் பாரிசில் மட்டும் சபையினர் ஏறக்குறைய 2,000 பேர் 5,000 குடும்பங்களைச் சந்தித்து வந்தனர். 1997இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் கையில் காணிக்கைக் காசைக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஏழையின் வாசலுக்கும் அவனை அழைத்துச் செல்லுங்கள். இளைஞனே, நீ கொண்டுசெல்லும் பொருள் சிறிதாயிருக்கலாம். அங்கே நீ கற்றுத் திரும்புவதோ வாழ்நாள் முழுவதும் உன்னோடு வரும்.