தரையில் போர் நடத்திய நாவலாசிரியர்

எச். ஜி. வெல்ஸ் 1866-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். சிறு கடைக்காரரின் மகன். துணிக்கடையில் வேலை பழகியவர், பின்னர் உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் ஆனார்.

பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்திப் போர் நடத்துவது அவருடைய பொழுதுபோக்கு! 1913-ல் அதற்கு விதிகள் எழுதிப் புத்தகமாகவே வெளியிட்டார்.

எதிரி கண்ணில் படுகிறானா, இல்லையா என்ற தகராறுக்கு அதில் இடமில்லை. பொம்மைப் பீரங்கியின் பின்னால் குனிந்து, குறி பார்த்துச் சுடவேண்டும். மரக்குச்சி பறக்கும். குறுக்கே பொம்மை வீடு இருந்தால் அதில் மோதி விழும். பின்னால் நின்ற சிப்பாய் பிழைத்தான்!

ஆனால், மேலே பறந்து வருகிறவனுக்கு வீடு மறைவாகுமா? விளையாட்டில் வெல்ஸ் விமானம் சேர்க்கவில்லை. வான்போரின் கொடுமையை 1908-லேயே நாவலாக எழுதிவிட்டார். ஆகாயக் கப்பல்கள் நியூயார்க் மீது குண்டு வீசுவதாகக் கதை. 1940-ல் லண்டன் மீதே குண்டு மாரி பொழிந்தது. போர் முடியும்வரை வெல்ஸ் தமது லண்டன் வீட்டைக் காலி செய்யவில்லை. 1946-ல் அங்கேயே காலமானார்.